மிச்சமா, பங்கா?

சென்ற மாதம் ஒருநாள் மாலை, மறைந்த நண்பர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். வலிகாமத்துக் கிராமம் ஒன்றிலே, கிணற்றடியும் முற்றத்து மாமரமும் படலையருகே ஒரு நாயும் உள்ள வீடு அது. நண்பரின் மனைவி அங்கே தனியே வாழ்கிறார். ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு மகள் வந்திருந்தாள். நான் சென்ற வேளையில் தாய்க்கும் மகளுக்கும் இடையே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வழக்குப் பொருள், நாயின் சாப்பாடு.

நாயின் தட்டிலே முதல்நாள் மீன்கறி விட்டுப் பிசைந்த சோறு இருந்தது. சின்ன வெங்காயத் துண்டுகளும் உள்ளிப் பற்களும் அதனிடையே தெரிந்தன.

"இதையோ அம்மா ஒவ்வொரு நாளும் போடுறியள்?"

"நாங்கள் தின்னுறதைத்தான் பிள்ளை அதுவும் தின்னுது. அப்பா இருக்கேக்கையும் இதுதான் சாப்பாடு."

மகள் யாழ்ப்பாணம் நகரிலே வாங்கி வந்த ஆறு தகரப் பேணிகளை மேசைமீது அடுக்கினாள். இறைச்சியும் குழம்புமாய் அடைக்கப்பட்ட நாயுணவு. "மாஸ்ரர், நீங்களே சொல்லுங்கோ" என்று இருவரும் ஒரே குரலில் என்னை நடுவராக்கினர்.

வழக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் அந்த நாய் சில வாரங்களாகச் சோர்ந்து கிடந்தது. அதன் ஈறுகள் வெளிறியிருக்கக் கண்ட மிருக வைத்தியர், உண்ணியும் காரணமாகலாம், உணவும் காரணமாகலாம் என்று கூறினாராம். மகள் பத்து நாளில் விமானம் ஏறிவிடுவாள். அதன்பின் அந்தப் பெரிய வீட்டிலே இரவில் மூச்சுவிடும் உயிர்கள் இரண்டே இரண்டு. அவற்றுள் ஒன்று நோயுற்றால் மற்றையதன் நிலை என்னவாகும்? இந்த எண்ணமே என்னை எழுதத் தூண்டியது. இன்று யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, பிள்ளைகளைக் கடல்கடந்து அனுப்பிவிட்டு நாயைத் துணையாகக் கொண்டு வாழும் முதியோர் வீடு ஒன்றிரண்டல்ல.

நம் மரபு நாயை எங்ஙனம் கருதியது என்பதை முதலில் நினைத்துப் பார்ப்போம். மாணிக்கவாசகர் தம்மை மிகத் தாழ்த்திக் கூறவேண்டியபோது நாயினும் கீழாகத் தம்மை வைத்தார். தன்னைக் காயப்படுத்தியவரிடத்தும் நாயின் அன்பு குன்றாது என்பதை நாலடியார் நட்புக்கு உவமையாக்கிற்று. மகாபாரதத்தின் முடிவிலே, தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுத் தனக்குச் சுவர்க்கம் வேண்டா என்று தருமன் மறுத்தான். அந்த நாயே தருமதேவதை என்பது கதையின் முடிபு. நம்மூர் வைரவர் கோயில்களிலே சூலத்தருகில் நிற்பதும் நாய் வாகனமே. இழிவின் எல்லையிலும் உயர்வின் எல்லையிலும் நாயை வைத்துப் போற்றிய நாம், நடுவிலே, அதாவது வீட்டு முற்றத்திலே, அதற்கு என்ன இடுவது என்பதை மட்டும் சிந்தியாது விட்டுவிட்டோம்.

சிந்திக்க வேண்டிய அவசியம் என்ன என்று கேட்கலாம். காட்டிலே திரியும் விலங்கு தன் உணவைத் தானே தேர்ந்துகொள்ளும். சங்கிலியிட்டுப் படலைக்குள் அடைத்த விலங்குக்கு அந்த உரிமை இல்லை. அதை நாம் பறித்துக்கொண்டோம். பறித்த உரிமையோடு பொறுப்பும் நம் கைக்கு வந்துவிட்டது. இட்டதைத் தின்னும் என்பது உண்மைதான். இட்டதையன்றி வேறெதையும் தின்ன இயலாதபடி அதனைக் கட்டிவைத்தவர்களும் நாமே அல்லவா?

இனி வழக்குக்கு வருவோம். தாயின் கட்சியிலே நியாயம் உண்டு. நாய் ஓநாயின் வழிவந்தது, அதற்கு இறைச்சியே உணவு, சோறு இடுவது பாவம் என்று கூறுவோரை இக்காலத்தில் அடிக்கடி காண்கிறோம். சுவீடன் நாட்டின் உப்சாலாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இக்கூற்றைத் திருத்துகிறது. மாச்சத்தைச் செரிக்கும் நொதியத்தை ஆக்கும் மரபணு, ஓநாயிடத்தில் இரண்டு படிகளாகவே இருக்க, நாயிடத்தில் அதனிலும் பன்மடங்காகப் பெருகியிருப்பதை அவர்கள் கண்டனர். மனிதன் உழவனானபோது அவனுடைய அடுப்பங்கரையிலே நாயும் தானியந் தின்னப் பழகியது என்பதே இதன் பொருள். ஆகவே சோறு குற்றமன்று.

ஆனால் சோறு போதுமா என்பது வேறு வினா. அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கத்தின் அளவுகோலின்படி, வளர்ந்த நாயின் உணவிலே நீரை நீக்கிய உலர்பொருளில் 18 சதவீதமேனும் புரதம் இருத்தல் வேண்டும். வெள்ளைச் சோற்றின் உலர்பொருளில் இருப்பதோ 8 அல்லது 9 சதவீதமே. வெறுஞ்சோறும் ஒரு கரண்டிக் குழம்பும் நாயின் வயிற்றை நிரப்பும், உடலை நிரப்பா.

மகளின் கட்சியிலும் நியாயம் உண்டு. நம் குடாநாட்டுச் செம்மண்ணின் பெருமையாகிய சின்ன வெங்காயம் நாய்க்கு நஞ்சு. உள்ளியும் அவ்வாறே. அவற்றிலுள்ள கந்தகச் சேர்வைகள் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்குகின்றன. உடல்நிறை கிலோ ஒன்றுக்கு 15 முதல் 30 கிராம் வரையான வெங்காயம் தீங்கு காட்டப் போதுமானது என்பர். நாள்தோறும் சிறிது சிறிதாக உண்பதும் தீங்காய்த் திரளக்கூடும். வேகவைப்பதாலோ வதக்குவதாலோ அந்நஞ்சு நீங்குவதில்லை. நம் தோட்டங்களில் விளையும் முந்திரிகைப்பழமும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உப்பும் தூளும் தேங்காய்ப்பாலும் மிகுந்த கறியும், சமைத்தபின் கூராக உடையும் முள்ளும் எலும்பும் ஆபத்தானவையே. நமக்கு அமுதமாகிய ஒரு சட்டிக் கறி, படலையருகே போனதும் தன்மை மாறிவிடுகிறது.

அப்படியானால் பேணிதான் விடையா? தகரப் பேணியை முதன்முதலில் கண்டவர்கள் நாய்மேல் கொண்ட கருணையால் அதனைக் கண்டாரல்லர். 1860ஆம் ஆண்டளவில் ஜேம்ஸ் ஸ்பிராற் என்பவர் இலண்டனில் நாய் பிஸ்கற்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1922இல் அமெரிக்காவிலே 'கென் எல் றேஷன்' என்னும் பெயரில் குதிரை இறைச்சி பேணியில் அடைக்கப்பட்டது. மோட்டார் வண்டி பெருகிய அக்காலத்தில் வேலையிழந்த குதிரைகளுக்குக் குறைவில்லை. வணிகத்திலே பிறந்த பொருளை வணிகக் கண்ணோடுதான் ஆராய வேண்டும். ஆயினும் நல்ல பேணி நல்ல உணவே என்பதையும் மறுக்கலாகாது. எது நல்ல பேணி என்பதை அதன் மேலுள்ள எழுத்தே காட்டிக்கொடுக்கும், வாசிக்கத் தெரிந்தவருக்கு.

முதலிலே தேட வேண்டிய சொல் 'கொம்ப்ளீட்' என்பது. அந்த உணவு ஒன்றையே நாள்தோறும் இட்டாலும் நாய்க்கு வேண்டிய சத்தனைத்தும் கிட்டும் என்பது அதன் பொருள். 'கொம்ப்ளிமென்ரறி' என்றிருந்தால் அது துணையுணவு மட்டுமே; அதனை நம்பி நாயை வளர்த்தல் ஆகாது. ஓசையில் ஒத்த இவ்விரு சொற்களுக்கிடையே நாயின் உடல்நலம் தொங்குகிறது. அடுத்துத் தேட வேண்டியது, வளர்ந்த நாய்க்குரியது என்னும் குறிப்பு. குட்டிக்கென ஆக்கியது கொழுப்பும் சக்தியும் மிகுந்தது. ஓட்டமின்றிக் கட்டுண்டு கிடக்கும் நாயை அது கொழுக்கச் செய்யும்.

மூன்றாவது விடயம் தமிழாசிரியர்களுக்கு மிகவும் பிடிக்கும். அமெரிக்க விதிப்படி, பேணியின்மேல் 'கோழி' என்றே பெயரிட்டால், சேர்த்த நீர் நீங்கலாக 95 சதவீதம் கோழி இருக்க வேண்டும். 'கோழி விருந்து' என்ற வகையில் ஒரு சொல்லைக் கூட்டிவிட்டால் 25 சதவீதம் போதும். 'கோழியுடன்' என்று எழுதினாலோ 3 சதவீதமே போதும். பிரித்தானியாவில் அது 4 சதவீதம். நம் இலக்கண வகுப்பிலே உடனிகழ்ச்சிப் பொருளில் வரும் 'உடன்' என்று மாணவர்களுக்குச் சலிப்போடு கற்பிக்கின்றோமே, அந்தச் சிறு சொல் 95ஐ மூன்றாக்கிவிடுகிறது! இலக்கணத்தால் என்ன பயன் என்று கேட்கும் மாணவனுக்கு இனி ஒரு பேணியைக் காட்டலாம். அன்று மேசைமீதிருந்த ஆறு பேணிகளையும் நான் திருப்பிப் பார்த்தேன். ஆறிலும் 'உடன்' இருந்தது.

நான்காவது, கணக்கு. ஒரு பேணியிலே புரதம் 9 சதவீதம் என்றும், உலருணவுப் பை ஒன்றிலே 24 சதவீதம் என்றும் எழுதியிருக்கின்றன என வைத்துக்கொள்வோம். பை சிறந்தது என்று எண்ணத் தோன்றும். ஆனால் பேணியில் 78 சதவீதம் நீர். எஞ்சிய 22இல் 9 என்றால் ஏறத்தாழ 41 சதவீதம். பையில் நீர் 10 சதவீதமே. எஞ்சிய 90இல் 24 என்றால் ஏறத்தாழ 27 சதவீதம். ஒன்பது இருபத்துநான்கினும் பெரிதாகும் விந்தை இது. நீரை நீக்கியே எதனையும் ஒப்பிட வேண்டும். அந்த நீரும் வீணன்று. வெயில் கொளுத்தும் மாதங்களிலே, நீர் குறைவாகக் குடிக்கும் நாய்க்கும் பல்லிழந்த கிழநாய்க்கும் ஈரவுணவு நன்மை பயப்பதே.

இன்னுமொரு கணக்குண்டு, அதனை மாணவர்கள் செய்து பார்க்கட்டும். நாயின் நிறையைக் கிலோவில் எடுத்து மூன்றாம் அடுக்குக்கு உயர்த்துக. வருவதற்கு இருமுறை வர்க்கமூலம் காண்க. அதனை 70ஆல் பெருக்கினால், சும்மா படுத்திருக்கும் நாய்க்கு ஒருநாளில் வேண்டிய கலோரி கிட்டும். வளர்ந்த வீட்டு நாய்க்கு அதனை 1.6ஆல் மீண்டும் பெருக்குவது வழக்கம். நண்பர் வீட்டு நாய் 15 கிலோ. கணக்கு ஏறத்தாழ 850 கலோரியில் வந்து நிற்கிறது. 400 கிராம் பேணி ஒன்று பெரும்பாலும் 350 முதல் 400 கலோரி வரை தரும். நாளொன்றுக்கு இரண்டு பேணிக்குமேல் வேண்டும். மகள் அன்போடு அடுக்கிவைத்த ஆறு பேணிகளும் மூன்று நாளைக்குக்கூடக் காணா. பின்னர்?

தாயின் ஓய்வூதியம் இந்தக் கணக்கைத் தாங்காது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற மக்களிடம் போய், நாய்க்குப் பேணி வாங்குங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது? மனிதர்க்கே உணவு அரிதாகும் நாட்டில் நாயுணவைப் பற்றி எழுதுவது பொருத்தமா என்று இதனை வாசிப்போர் சிலர் கேட்கவுங்கூடும். அக்கேள்வியை நான் மதிக்கிறேன். அதற்கு என் விடை இதுதான்: நான் வேண்டுவது செலவையன்று, வரிசை மாற்றத்தை.

விளக்குகிறேன். சனிக்கிழமைகளிலும் விரத நாள்களிலும் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? எவரும் வாய்வைக்குமுன் ஒரு பிடி சோற்றை எடுத்துக் காகத்துக்கு வைக்கிறோம். காகம் வரும்வரை பசியோடு காத்திருக்கிறோம். வீட்டைக் காவாத, நம்மை அறியாத பறவைக்கு முதற்பிடி. இரவெல்லாம் விழித்திருக்கும் நாய்க்குக் கடைசிப் பிடி. அதுவும் எவரும் விரும்பாது ஒதுக்கியது. காகத்துக்கு வைப்பதைப் பங்கு என்கிறோம். நாய்க்கு வைப்பதை மிச்சம் என்கிறோம். நம் தவறு முழுவதும் இந்த ஒரு சொல்லிலே அடங்கியிருக்கிறது. மிச்சம் என்பது நம் சட்டியில் என்ன எஞ்சுகிறதோ அது. பங்கு என்பது அதற்கு என்ன வேண்டுமோ அது.

ஆகவே தாளிப்பதற்கு முன் எடுத்து வைப்போம். சூடையோ வேறு சிறுமீனோ வாங்கிய நாளில், வெங்காயமும் உப்பும் தூளும் சேருமுன், நாயின் பங்கைத் தனிச் சட்டியில் நீரிலே அவித்து முள்ளை நீக்கிவிடலாம். இறைச்சி வாங்கிய நாளில் ஒதுக்கும் ஈரலிலே சிறிதளவு சேர்க்கலாம். ஒரு துண்டு பூசணிக்காய் போடலாம். சோறு பாதி, மற்றப் பாதி இவையென்றால் தட்டின் தன்மையே மாறிவிடும். வெள்ளிக்கிழமை விரதத்தை நாயும் நோற்கத்தான் வேண்டும் என்னும் வீடுகளிலே, நன்றாக அவித்த பருப்பு அன்றைய குறையை ஓரளவு நிரப்பும்.

இங்கே வீட்டுச் சமையலைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். இல்லையேல் பேணியைப் பழித்துச் சட்டியைப் புகழ்ந்த குற்றம் என்னைச் சாரும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து மிருக வைத்திய ஆய்வாளர்கள், வீட்டிலே நாயுணவு ஆக்குவதற்கென நூல்களிலும் பிறவிடங்களிலும் வெளிவந்த 200 சமையற் குறிப்புகளை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டனர். அவற்றுள் 95 சதவீதமானவற்றில் இன்றியமையாத சத்து ஒன்றேனும் குறைந்திருந்தது. சோற்றிலும் சதையிலும் பொசுபரசு உண்டு, கல்சியம் மிகக் குறைவு. நாளடைவில் உடல் தன் எலும்பிலிருந்தே அதனைக் கடன் வாங்கும். முட்டைக்கோதை அவித்துக் காயவைத்து மாவாக அரைத்தால், அரைத் தேக்கரண்டியிலே ஏறத்தாழ ஒரு கிராம் கல்சியம் கிடைக்கும். நண்பர் வீட்டு நாய்க்கு ஒருநாளைக்கு அந்த அளவு போதும். ஏனைய நுண்சத்துகளுக்கு மிருக வைத்தியரைக் கேட்பதே அறிவுடைமை. வசதியுள்ளோர் 'கொம்ப்ளீட்' பேணியில் ஒரு பகுதியைச் சட்டிச் சோற்றோடு கலந்திடலாம். திறந்த பேணியை நம் வெக்கையிலே மேசைமேல் விடாது குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். பேணியும் சட்டியும் பகைவரல்ல. அறியாமையே இரண்டுக்கும் பகை.

நான் ஏன் இதனை இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். நாங்களும் நடந்தோம். புறப்படுமுன் எங்கள் நாயை அவிழ்த்துவிட்டேன். அவசரத்திலே அடுப்படியில் கிடந்ததையெல்லாம், கறியும் சோறும் பழஞ்சோறுமாய், அதன் தட்டிலே கொட்டினேன். ஒழுங்கை முடியும் வரை அது எங்களோடு வந்தது. பின்னர் சனநெரிசலில் அதனைக் காணவில்லை. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது தட்டு இருந்தது. நாய் இல்லை.

தருமன் சுவர்க்க வாசலிலே நின்று மறுத்தான். நாங்கள் தருமர்களல்ல. குழந்தைகளையும் முதியோரையும் தோளிலே சுமந்து மழையில் நடந்தவர்களுக்கு அப்படி மறுக்கும் வசதி இருக்கவில்லை. அந்த இரவை நான் குற்றமாக எண்ணுவதில்லை. ஆனால் அந்த இரவுக்கு முந்திய ஏழு ஆண்டுகளை எண்ணுவதுண்டு. அடுப்பும் அமைதியும் ஓரளவேனும் இருந்த அந்நாள்களிலே, அதற்கு நான் ஒருநாளாவது பங்கு வைத்தேனா? வைத்ததெல்லாம் மிச்சமே. இறுதி இரவில் கொட்டியதுங்கூட மிச்சமே. வசதி இல்லாத காலத்தில் செய்ய இயலாததற்கு மன்னிப்பு உண்டு. வசதி இருந்த காலத்தில் எண்ணிப் பாராமைக்கு அது கிடையாது.

அன்று மாலை என் தீர்ப்பை இவ்வாறு சொன்னேன்: "பிள்ளை, வெங்காயத்தைப் பற்றி நீ சொல்லுறது சரி. அம்மா, சோற்றைப் பற்றி நீங்கள் சொல்லுறதும் சரி. நாயின்ர சட்டியை முதலிலை அடுப்பிலை வையுங்கோ, அவ்வளவுதான்." தாய் சிரித்தார். மகள் கணக்கெழுதிய தாளை அடுப்படிச் சுவரிலே ஒட்டிவிட்டுப் போனாளாம்.

சென்ற கிழமை அவ்வழியே போனேன். உண்ணிக்கும் மருந்து கொடுத்திருக்கிறார்கள், உணவும் மாறியிருக்கிறது. எது குணமாக்கியது என்பதை மிருக வைத்தியராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லையாம். நான் படலையைத் தொட்டதும் அது எழுந்து வந்து குரைத்தது. உள்ளேயிருந்து, "ஆர் மாஸ்ரரோ? வாங்கோ. அதின்ர சட்டியை இறக்கிப்போட்டு வாறன்" என்று குரல் கேட்டது.